நள்ளிரவு வெல்டிங்... நியூயார்க்கின் 59 மாடி வங்கிக் கோபுரத்தில் மறைக்கப்பட்ட ஆபத்து என்ன?

1978 ஆகஸ்ட் மாதம். நியூயார்க்கின் லெக்சிங்டன் அவென்யூவில் இருக்கும் சிட்டிகார்ப் சென்டருக்குள் தினமும் இரவு 8 மணிக்கு வெல்டிங் ஆட்கள் நுழைவார்கள். விடியற்காலை 4 மணிக்கு வேலையை நிறுத்திவிடுவார்கள். காலையில் வழக்கம்போல ஆபீஸ் வரும் ஊழியர்களுக்கு, தாங்கள் உட்கார்ந்திருக்கும் கட்டடம் ஒரு பெரும் புயலில் சாய்ந்துவிடலாம் என்பது தெரியாது. திறந்து ஓராண்டுகூட முழுதாக ஆகாத கட்டடம் அது!

சர்ச்சுக்காக மாறிய கால்கள்

கதை ஒரு தேவாலயத்தில் தொடங்குகிறது. வங்கி கட்டடம் கட்ட நினைத்த இடத்தின் ஒரு மூலையில் செயின்ட் பீட்டர்ஸ் லூத்தரன் சர்ச் இருந்தது. இடத்தை விற்கச் சம்மதித்த சர்ச், ஒரு நிபந்தனை போட்டது: அதே மூலையில் புது சர்ச் கட்டித் தர வேண்டும், அதற்குள் கோபுரத்தின் தூண் எதுவும் வரக்கூடாது.

அப்படியென்றால் மூலையில் தூண் வைக்க முடியாது. கட்டடக் கலைஞர் ஹ்யூ ஸ்டபின்ஸும் கட்டமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெஷூரியரும் சேர்ந்து, தூண்களை நான்கு பக்கங்களின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒரு ஸ்டூலின் கால்களை மூலையில் வைக்காமல், பக்கத்துக்கு ஒன்றாக நடுவில் பொருத்தினால் எப்படி இருக்கும்? அதேதான். ஒன்பது மாடி உயரத் தூண்கள். அதன் மேல் 279 மீட்டர் வரை எழும்பும் கோபுரம். சுமையைத் தூண்களுக்குக் கடத்த, பக்கச் சுவர்களுக்குள் 'V' வடிவ இரும்புச் சட்டங்கள்.

உச்சியில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. சுமார் 400 டன் கான்கிரீட் கட்டி ஒன்று எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடி, காற்றில் கட்டடம் ஒரு பக்கம் ஆடினால் எதிர்ப்பக்கம் நகர்ந்து ஆட்டத்தைக் குறைக்கும். சாய்ந்த கூரையைப் பார்த்து சோலார் பேனலுக்காக என்று பலர் நினைப்பதுண்டு. அந்த யோசனை இருந்தது, நடக்கவில்லை.

சரி, தப்பு எங்கே?

நியூயார்க் கட்டட விதிகள் அப்போது, காற்று சுவரில் நேராக மோதும் கணக்கை மட்டுமே கேட்டன. 1978-ல் மாணவர்கள் தரப்பிலிருந்து எழுந்த கேள்வி லெமெஷூரியரை மூலையில் மோதும் காற்றையும் கணக்குப் போட வைத்தது. சட்டங்களில் அழுத்தம் 40% கூடியது.

வெல்டிங் செய்திருந்தால் அதையும் தாங்கியிருக்கும். ஆனால், செலவு மிச்சம் என்று இணைப்புகளை போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். அவர் அலுவலகமே அதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. லெமெஷூரியருக்கு அது பின்னாடிதான் தெரிந்தது! இணைப்புகளில் அழுத்தம் 160% கூடும் என்றது கணக்கு. புயலில் கரன்ட் போனால் உச்சியில் இருக்கும் கான்கிரீட் கட்டியும் வேலை செய்யாது. அப்படி நடந்தால், 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய புயலே கட்டடத்தைச் சாய்க்கப் போதும். கரன்ட் போவது கற்பனையும் இல்லை. 1977 ஜூலையில்தான் நியூயார்க் நகரமே இருட்டில் மூழ்கியிருந்தது.

பேசாமல் இருந்துவிடலாமா, உயிரை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்ததாக லெமெஷூரியர் பின்னாளில் சொன்னார். கடைசியில் வங்கியிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டார்.

பேப்பர் வராத மாதங்கள்

200-க்கும் மேற்பட்ட இணைப்புகளின் மேல் 2 அங்குலக் கனத்தில் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்ய முடிவானது. சுற்றுப்பகுதி மக்களை வெளியேற்ற செஞ்சிலுவைச் சங்கத்துடன் ரகசியத் திட்டமும் தயாரானது. வெளியே சொன்னது, "சில இணைப்புகளைப் பலப்படுத்துகிறோம், ஆபத்து இல்லை" என்பது மட்டும்தான். தோண்டிப் பார்க்க ஆளும் இல்லை. ஆகஸ்டில் தொடங்கி நவம்பர் வரை நியூயார்க்கின் முக்கிய நாளிதழ்கள் ஸ்டிரைக்கில் இருந்தன!

செப்டம்பர் தொடக்கத்தில் எல்லா என்ற சூறாவளி கரையை நோக்கி வந்தது. வேலை பாதிதான் முடிந்திருந்தது. நல்லவேளை, புயல் திசை மாறிக் கடலுக்குள் போய்விட்டது. அக்டோபரில் வெல்டிங் முடிந்தது.

தவறை ஒப்புக்கொண்டவர் என்று லெமெஷூரியரைப் பொறியியல் வகுப்புகளில் பாராட்டுகிறார்கள். நியாயம்தான். ஆனால், அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1995-ல் 'தி நியூயார்க்கர்' இதழில் கட்டுரை வந்தபோதுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. அதற்கும் பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் மறுகணக்குப் போட்டு, மூலைக் காற்று பயந்த அளவுக்கு மோசமானதல்ல என்றார்கள். அது வேறு விவாதம்.

இன்று அந்தக் கோபுரத்தின் பெயர் 601 லெக்சிங்டன் அவென்யூ. 2016-ல் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது.

கேள்வி கேட்ட மாணவரின் பெயர் லெமெஷூரியருக்கு நினைவில் இருக்கவில்லை. 1978-ல் பிரின்ஸ்டனில் படித்த டயான் ஹார்ட்லி, தன் ஆய்வேட்டுக்காக இதே சந்தேகத்தை அவரது நிறுவனத்திடம் எழுப்பியிருந்தார். கட்டடம் பத்திரமாக இருக்கிறது என்று பதில் வந்ததால் நம்பிவிட்டார். தன் கேள்விக்குப் பின்னால் என்ன நடந்தது என்பது, பல ஆண்டுகள் கழித்து டிவியில் ஓர் ஆவணப்படம் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது.