கல்வராயன் மலையின் வாசனைப்புல்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீண்டு கிடக்கும் கல்வராயன் மலைகள் கீழைத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தவை. வடபாகமாகிய சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி உயரமும், தென்பாகமாகிய பெரிய கல்வராயன் சராசரி 4,000 அடி உயரமும் உள்ளவை. அடிவாரத்திலிருந்து ஏறுகிறவர் சுமார் 1,300 அடி வரையில் முட்புதர்களையும், அதற்கு மேல் 2,600 அடி வரையில் கோடையில் இலை உதிர்க்கும் காட்டையும் காண்பார். அதையும் கடந்தால் சோலைகளும் புல்வெளிகளும் கலந்த மேட்டு நிலம் விரியும். சோலை மரங்களைப்பற்றிப் பேசுகிறவர்கள் அநேகர். அவற்றை அடுத்துச் சரிவுகளில் நிற்கும் புல்லைப் புல்தானே என்று தள்ளிவிடுகிறோம். அப்புற்களில் எலுமிச்சையின் மணம் வீசும் ஒன்றைப்பற்றி மலைமேல் உள்ள சங்கத்தாரும், கீழே கோமுகி ஜலத்தை நம்பிக் கரும்பும் நெல்லும் பயிரிடும் சங்கத்தாரும் அறிந்திருப்பது நலம்.

இதை எலுமிச்சைப்புல் என்றும், வாசனைப்புல் என்றும், சுக்குநாறிப்புல் என்றும் பலவாறு சொல்லுவர். பெயரை மட்டும் நம்பினால் ஏமாற நேரிடும். ஒரே பெயர் ஊருக்கு ஊர் வெவ்வேறு புல்லுக்கு வழங்குகிறது. தாவர சாஸ்திரிகள் இதற்கு இட்ட பெயர் சிம்போபோகன் பிளெக்ஸுவோஸஸ் என்பது. முதற்சொல் படகையும் தாடியையும் குறிக்கும் இரண்டு கிரேக்கச் சொற்களால் ஆனது. கதிரைத் தாங்கும் மடல் படகு போல் குவிந்திருப்பதையும், கதிரில் மெல்லிய ரோமம் படர்ந்திருப்பதையும் பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் தாவரச் சேகரத்தை நிறுவிய பாதிரியார் கே. எம். மாத்யூ அவர்கள், கல்வராயன் உள்ளிட்ட இப்பிரதேசத்து மலைகளின் செடிகொடிகளை ஆராய்ந்து 1980-களில் பெரிய நூல்களாக வெளியிட்டிருக்கிறார்.

இப்புல் பல்லாண்டு வாழ்வது. அடியில் குட்டையான கிழங்கு போன்ற தண்டும், அதிலிருந்து நெருங்கிக் கிளைத்த தூர்களும் உண்டு. பருவமழை கண்டதும் தூர் வெடித்து, பூக்கும் காலத்தில் ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கும். இலை நீண்டு, நுனி மெலிந்து, விளிம்பு கையை அறுக்கும். கதிர் பெரிதாய்க் கிளைத்துத் தலைசாய்ந்து தொங்கும். அதில் சிறு கதிர்கள் இரட்டை இரட்டையாக அமைந்திருக்கும். காம்பில்லாததில் விதை பிடிக்கும், காம்புள்ளதில் பிடிக்காது. வீட்டுக் கொல்லையில் தேநீருக்காக வைக்கும் எலுமிச்சைப்புல் இதன் இனமேயாயினும் வேறு ஜாதி. அது பூப்பது அபூர்வம். தூரைப் பிரித்து நட்டே பெருக்கவேண்டும். மலைப்புல்லோ விதையாலும் பரவும். வெட்டிவேரை இதனோடு குழப்புவோரும் உண்டு. அதற்கு மணம் வேரில், இதற்கு மணம் இலையில்.

வெயில் படும் திறந்த சரிவே இதற்கு உகந்த இடம். மரநிழல் அடர்ந்தால் மெலிந்து போகும். தண்ணீர் தேங்கினால் அழுகும். சரளை கலந்த ஏழை மண்ணிலும் பிழைக்கும். கடும் வெயிலிலும் குறைந்த ஜலத்தைக் கொண்டு உணவு தயாரிக்கும் சக்தி இதன் இலைக்கு உண்டு. கரும்புக்கும் சோளத்துக்கும் உள்ள அதே சக்திதான் இது. நெல்லுக்கு அது இல்லை. கரும்பு இதன் தாயாதி என்று சொன்னால் கச்சிராயபாளையத்து விவசாயிகள் வியக்கலாம், ஆனால் புல்லினத்தில் இரண்டும் ஒரே கிளையைச் சேர்ந்தவையே.

மலைவாசிகளுக்கு உயரமான மலைப்புற்களின் முதற்பயன் கூரை. கதிர் முற்றி விதை உதிர்ந்து தாள் காய்ந்த பின், தை மாசி மாதங்களில் அறுப்பதே கூரைக்கு ஏற்றது. பச்சையாய் அறுத்தது சீக்கிரம் உளுத்துவிடும். இம்முறையில் புல்லுக்கு யாதொரு நஷ்டமும் இல்லை: விதை மண்ணில் விழுந்துவிட்டது, அடுத்த வருஷத்துக்குரிய முளை தூரின் அடியில் பத்திரமாக இருக்கிறது. இரண்டாவது பயன் தைலம். இலைகளைக் கொப்பரையில் இட்டு நீராவி செலுத்திக் குளிரவைத்தால் தைலம் ஜலத்தின்மேல் மிதக்கும். ஆயிரம் கிலோ பச்சைப்புல்லுக்கு ஏறக்குறைய மூன்று கிலோ தைலம் காணும். அதில் முக்கால் பங்குக்குக் குறையாமல் இருக்கும் சிட்ரால் என்னும் சரக்கு சோப்பு, வாசனைத் திரவியங்கள், வைட்டமின் 'ஏ' ஆகியவற்றைச் செய்ய உதவுவதால் வியாபாரிகள் இதை நாடுகிறார்கள். கேரளத்தில் ஓடக்காலி என்னுமிடத்தில் 1951-இல் இப்புல்லுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

சங்கங்கள் யோசிக்க வேண்டிய இடம் இதுவே. கூரைக்கு அறுப்பது விதைக்குப் பின். தைலத்துக்கு அறுப்பதோ இலை பசுமையாக இருக்கும்போது, அதுவும் வருஷத்தில் பல முறை. காட்டுத் தூர்களை இவ்வாறு திரும்பத் திரும்ப அறுத்தால் விதை விழாது, தூரும் சோரும். போதாக்குறைக்குக் கொப்பரை எரிக்க விறகு வேண்டும். லாபத்தைப் புல்லில் கண்டு நஷ்டத்தைச் சோலையில் எழுதுவது கணக்காகாது. தைலம் எடுக்க விரும்பும் சங்கம், அங்கத்தினர்களின் பட்டா நிலத்து வரப்புகளிலும், மரவள்ளி வைத்து மண் கரைந்துபோன சரிவுகளிலும் குறுக்கு வரிசையாக இப்புல்லை நட்டு, அதை மட்டும் தரையிலிருந்து நான்கு அங்குலம் விட்டு அறுப்பதே சரியான வழி என்பது எமது அபிப்பிராயம். வடித்தெடுத்த சக்கையை உலர்த்தினால் அதுவே அடுப்புக்கு எரிபொருளாகும்.

நெருப்பைப்பற்றியும் சொல்லவேண்டும். கோடையில் புல்வெளிக்குத் தீ வைத்தால் ஆடுமாடுகளுக்கு இளந்தளிர் கிடைக்கும் என்ற எண்ணம் பழையது. தளிர் வருவதும் உண்மைதான். தைலமுள்ள இலை ஆதலால் தீ வேகமாக ஓடினும், அடித்தூர் பிழைத்து முளைவிடும். ஆனால் புல்லோடு முளைத்த மரக்கன்றுகள் மடிகின்றன. சாம்பல் படிந்த வெறுஞ்சரிவில் கோடைமழை விழுந்தால், தாளும் சருகும் தடுத்திருக்கவேண்டிய மண் ஓடைகளில் இறங்குகிறது. இம்மலைகளில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் அந்த மண்ணை அடிவாரத்து அணைகளில் சேர்க்கின்றன. வருஷந்தோறும் எரிந்த இடத்தில் உண்ணிச்செடி நுழைந்துவிட்டால் பிறகு மேய்ச்சலும் இல்லை, கூரைப்புல்லும் இல்லை. கூரை வீடுகள் குறைந்து ஓடும் தளமும் பெருகியபின் அறுவடையும் குறைந்து, காய்ந்த தாள் கோடை முழுவதும் நிற்பதும் தீக்கு ஒரு காரணமாகலாம். தீ தடுக்க எளிய வழி, மாசிக்கு முன் ஊரையும் சோலையையும் சுற்றிப் பத்தடி அகலத்துக்கேனும் புல்லை அறுத்து எடுத்துவிடுவது. அறுத்தது தொழுவக் கூரைக்கும் பயிருக்கு மூடாக்குக்கும் ஆகும்.

ஒதுக்குக் காட்டில் தீ வைப்பது 1882-ஆம் வருஷத்து வனச் சட்டப்படி குற்றம். அறுக்கும் உரிமை வேறு விஷயம். 1976 வரை ஜாகீர்தார்கள் வசம் இருந்த இம்மலைகளில், குடிகளின் உரிமை நெடுங்காலம் எழுத்தில் ஏறவில்லை. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் மரமல்லாத சிறு வனப் பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடியினருக்கு உரிமை அளிக்கிறது. அதைக் கோரும் மனு கிராம சபையிலேயே தொடங்கவேண்டும். ஆகையால் புல் சேகரிக்க முற்படும் சங்கம், எந்தச் சரிவில், எந்த மாதத்தில், எவ்வளவு அறுப்பது என்பதைக் கிராம சபையில் தீர்மானமாக எழுதி வைத்துக்கொண்டு, அதன் நகலோடு வனச்சரக அலுவலரைக் காண்க.