கறுப்பு அட்டைக்குள் தூங்கும் உழைப்பு

ஏப்ரல் பிறந்தால் டோம்பிவிலி ஸ்டேஷனை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடம் கிடைக்காது. கறுப்பு ரெக்சின் அட்டை, அதன் மேல் தங்க எழுத்தில் கல்லூரியின் பெயரும் ப்ராஜெக்ட்டின் தலைப்பும். இறுதியாண்டு ப்ராஜெக்ட் அறிக்கைக்கு மும்பை மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பிளாக் புக்’. வைவா முடியும், எக்ஸ்டர்னல் கையெழுத்துப் போடுவார், புத்தகம் டிபார்ட்மென்ட் பீரோவுக்குள் போகும். அதோடு சரி.

எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடிப் பெண் கெமிக்கல் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். தலைப்புத் தேடுவதற்காக அந்த பீரோவைத் திறந்து பார்த்திருக்கிறாள். “அங்கிள், மூணு பேட்ச் ஒரே டைட்டில்ல பண்ணியிருக்காங்க. ஹீட் எக்ஸ்சேஞ்சர் டிசைன். ஒருத்தர் பண்ணினதை அடுத்தவங்க பார்த்த மாதிரியே தெரியல. நான் பண்றதும் அங்கதானே போகப் போகுது?” என்றாள்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நாடு முழுக்க ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பிள்ளைகள் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். அந்த உழைப்பு ஏன் யாருக்கும் பயன்படாமல் அட்டைக்குள் முடங்க வேண்டும்?

ஒன்பதாவது ஸ்டேஷன்

பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. டோம்பிவிலியில் ஸ்லோ லோக்கல் பிடித்தால் ஒன்பதாவது ஸ்டேஷன் காஞ்சூர்மார்க். அங்கிருந்து ஆட்டோவில் போனால் பவாய் ஐ.ஐ.டி. ‘ஃபாஸி’ என்ற திட்டம் அங்கேதான் நடக்கிறது. கல்லூரிகளில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு சேர்ப்பது அதன் வேலை. செலவை ஏற்பது மத்திய கல்வி அமைச்சகம். முன்னின்று வளர்த்தவர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து பவாயில் வேதிப் பொறியியல் பேராசிரியரான கண்ணன் மௌத்கல்யா.

கட்டற்ற மென்பொருள் என்றால் இலவச மென்பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். காசு இல்லாமல் கிடைப்பது அதில் ஒரு சிறு பகுதிதான். யாரும் இயக்கலாம், அதன் மூல நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவருக்குக் கொடுக்கலாம். படிக்கவும் திருத்தவும் உரிமை இருப்பதால்தான் அது மாணவருக்கு ஏற்ற பொருளாகிறது. பூட்டிய பெட்டியை வைத்துக்கொண்டு யாரும் மெக்கானிக் ஆக முடியாது.

ஒரு கணக்கு, இரண்டு விடை

ஃபாஸியின் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ‘டெக்ஸ்ட்புக் கம்பானியன்’. ஒரு மாணவர், கல்லூரிகளில் புழங்கும் ஒரு பாடநூலை எடுத்துக்கொள்கிறார். அதில் தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டுக் கணக்குகளை ஒவ்வொன்றாக சைலேப் மென்பொருளில் நிரலாக எழுதுகிறார். சைலேப் பிரான்ஸின் ஆராய்ச்சிக் கூடங்களில் பிறந்தது. விலை உயர்ந்த கணித மென்பொருள்கள் செய்யும் வேலைகளில் பெரும்பகுதியை அதுவும் செய்யும். எழுதிய நிரலை ஒருவர் சரிபார்க்கிறார். தேறினால் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி மாணவரின் பெயரோடு வெளியாகிறது. சான்றிதழும் மதிப்பூதியமும் உண்டு. இப்படி நூற்றுக்கணக்கான பாடநூல்கள் நிரலாகியிருக்கின்றன.

கேட்க எளிது. உட்கார்ந்து பார்த்தால்தான் இதன் அருமை புரியும். நிரல் ஓடுகிறது, ஒரு விடை வருகிறது. நூலைப் பார்த்தால் அதில் வேறு விடை. தப்பு யாருடையது? அலகை மாற்ற மறந்தோமா? நூலாசிரியர் நடுவில் தசமங்களைச் சுருக்கினாரா? அச்சுப் பிழையா? அதைக் கண்டுபிடிக்க, கணக்கின் ஒவ்வொரு வரியையும் புரிந்துகொண்டாக வேண்டும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பிள்ளை அந்த இடத்தில்தான் முதல்முறையாகப் பாடத்தைப் படிக்கிறது.

டோம்பிவிலிக்கு இன்னும் நெருக்கமான ஒன்றும் உண்டு. நம் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் கெமிக்கல் ஆலைகள் எத்தனை என்று சொல்ல வேண்டியதில்லை. ஆலையில் நடப்பதைக் கணினியிலேயே நடத்திப் பார்க்கும் மென்பொருள்கள், சாதாரணக் கல்லூரி வாங்கக்கூடிய விலையில் இருப்பதில்லை. பிரேசிலில் டேனியல் மெடெய்ரோஸ் உருவாக்கிய ‘டி.டபிள்யூ.சிம்’ கட்டற்றது. ஃபாஸி வழியாக மாணவர்கள் அதில் ஆலைச் செயல்முறைகளை வரைந்து, இயக்கி, பொதுவில் வைக்கிறார்கள். அடுத்த பேட்ச் அங்கிருந்து தொடங்கலாம்.

பேராசிரியர் எதற்கு?

ஆர்வமுள்ள மாணவர் தானாகவே செய்துகொள்ள மாட்டாரா என்று கேட்கலாம். ஓரிருவர் செய்வார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸைத் தொடங்கியபோது ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர்தான். ஆனால் மாணவர் நாலு வருஷத்தில் போய்விடுவார். ஆற்றில் தண்ணீர் மாறிக்கொண்டே இருக்கும், கரை இருக்க வேண்டும். பேராசிரியர்தான் கரை.

இதை உணர்ந்துதான் ஃபாஸி ‘லேப் மைக்ரேஷன்’ என்று ஒரு வேலையைப் பேராசிரியர்களிடம் கொடுத்தது. அவர் நடத்தும் லேபின் எல்லாச் சோதனைகளையும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றித் தர வேண்டும். மாறிவிட்டால் லைசென்ஸ் முடிந்துவிட்டதே என்ற கவலை இல்லை. திருட்டுப் பிரதியும் வேண்டாம். லேபில் செய்ததை மாணவர் வீட்டு லேப்டாப்பிலும் செய்து பார்க்கலாம்.

எஃகுக் கட்டமைப்புகளை இந்தியத் தர விதி ஐ.எஸ்.800:2007-இன்படி வடிவமைக்கும் ‘ஆஸ்டாக்’ மென்பொருளும் பவாயில் பிறந்ததுதான். சிவில் பேராசிரியர் சித்தார்த்த கோஷின் வழிகாட்டலில், பல கல்லூரி மாணவர்களின் கைபட்டு அது வளர்கிறது. இன்னொருவர் பிரபு ராமச்சந்திரன். சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வு மாணவராக இருந்த காலத்தில், அறிவியல் தரவை முப்பரிமாணப் படமாகக் காட்டும் ‘மயாவி’யை எழுதத் தொடங்கியவர். பிறகு பவாயில் விண்வெளிப் பொறியியல் பேராசிரியராகி, ஃபாஸி வழியாகப் பைத்தானை மாணவர்களிடம் கொண்டுபோனார். மாணவராகக் கொடுத்தவர் பேராசிரியராகி, கொடுக்கும் மாணவர்களை உருவாக்குகிறார்.

கொழும்புக்குப் பக்கத்தில்

ஐ.ஐ.டி. என்பதால் நடக்கிறது என்று ஒதுக்கிவிடக் கூடாது. கட்டற்ற திட்டங்களில் மாணவர்களைச் சேர்த்து உதவித்தொகை கொடுப்பதற்காக ‘சம்மர் ஆஃப் கோட்’ திட்டத்தை கூகுள் 2005-இல் தொடங்கியது. உலகிலேயே அதிக மாணவர்கள் தேர்வான பல்கலைக்கழகமாகப் பல ஆண்டுகள் முன்னே நின்றது இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். 2004 சுனாமி அடித்த சில நாட்களிலேயே, நிவாரணப் பணிகளை ஒருங்கிணைக்கும் ‘சஹானா’ மென்பொருளைத் தன்னார்வலர்கள் எழுதிய நாடு அது. அந்த மண்ணில் மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. தமிழ்நாட்டிலும் 2005-இல் குரோம்பேட்டை ஏ.யூ.-கே.பி.சி. மையத்தில் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டற்ற மென்பொருளை விருப்பப் பாடமாக்கவும் அந்த மையம் உழைத்தது.

நம் கல்லூரிகள் செய்ய வேண்டியது

நம் ஆசிரியர்களின் சுமை எனக்குத் தெரியும். வருகைப் பதிவு, ‘நாக்’ தர மதிப்பீட்டு ஃபைல், விடைத்தாள் என்று நாள் ஓடிவிடுகிறது. அதனால்தான் இதைக் கூடுதல் வேலையாகக் கொடுக்கக் கூடாது. இருக்கும் வேலையின் இடத்தில் வைக்க வேண்டும். வெளித் திட்டம் ஒன்று ஏற்றுக்கொண்ட நிரலுக்கு ப்ராஜெக்ட் மதிப்பெண் கொடுங்கள். ஒரு துறை, ஒரு பேராசிரியர், ஒரே திட்டம், மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக. இறுதியாண்டு மாணவரோடு இரண்டாம் ஆண்டு மாணவரையும் சேர்த்து உட்காரவையுங்கள். நிரல் எழுத வராதவருக்கும் இடம் உண்டு: சோதித்துப் பிழை சொல்லலாம், மொழிபெயர்க்கலாம். மௌத்கல்யாவின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ காணொளிகள் தமிழிலும் மராத்தியிலும் கேட்கக் கிடைப்பது அப்படிப்பட்ட உழைப்பால்தான். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, வகுப்பில் ஆங்கிலம் என்று வளரும் நம் பிள்ளைகளைவிட அந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள் யார்?

மூன்றாவது மாடிப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். வெப்பப் பரிமாற்றப் பாடநூல் ஒன்றை எடுத்து, பயிற்சிக்காகத் தானே சைலேபில் எழுதிப் பார்க்கத் தொடங்கினாள். நாலாவது அத்தியாயத்தில் ஒரு கணக்கு ஒத்துவரவில்லை என்று இரண்டு நாளாக முகம் வாடியிருந்தது. நேற்று மாலை லிஃப்ட் கதவு திறந்ததும் நிற்காமல் சொல்லிவிட்டு ஓடினாள்:

“அங்கிள், தப்பு புக்லதான்!”