பேனைக் கேட்டால் தெரியும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரம், அகத்தியமலைக் காடு. அங்குள்ள காணிக்காரர் என்னும் பழங்குடியினரின் குடியிருப்புகளில் சிலருக்கு வலியே இல்லாத தோல் தடிப்புகள் வருகின்றன. காரணம் லீஷ்மேனியா என்னும் ஒருசெல் ஒட்டுண்ணி. கொசுவைவிடப் பொடிசான மணல் ஈ கடிக்கும்போது உள்ளே இறங்கி, தன்னை விழுங்கிச் செரிக்க வரும் வெள்ளணுவுக்குள்ளேயே குடியேறிப் பெருகும் கில்லாடி இது.

2015இல் வெளியான ஆய்வு ஒன்று இதன் மரபணுவைப் பார்த்தது. பீகாரில் மண்ணீரலை வீங்கவைத்து ஆளையே கொல்லும் காலா அசாரை உண்டாக்குகிற லீஷ்மேனியா டோனோவானிதான் இங்கேயும். ஆனால் தோலோடு நின்றுவிடுகிறது. மரபணு வரிசையில் இலங்கையில் தோல்நோய் தரும் வகைக்கு இது நெருக்கம்.

உடனே காணிக்காரர்களின் மூதாதையரையும் இலங்கையையும் முடிச்சுப் போடத் தோன்றும். பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்து இரு நிலமும் ஒட்டியிருந்தது உண்மைதான். ஆனாலும் அவசரப்படக் கூடாது. போன தலைமுறையில் யாரோ ஒருவர் உடம்பில் ஏறி வந்திருந்தாலும் ஒட்டுண்ணிகள் உறவாகவே தெரியும். மணல் ஈயும் மனிதரை மட்டும் நம்பியில்லை, மாட்டையும் கடிக்கும்.

நம் கதையைக் கேட்கப் பேன்தான் சரியான ஆள். தலையை விட்டு இறங்கினால் ஓரிரு நாளில் செத்துப்போகும். அதனால் நாம் போன இடமெல்லாம் கூடவே வந்திருக்கிறது. தலைப்பேன் முடியில் ஈர் வைக்கும். சீலைப்பேன் துணியின் தையலில் வைக்கும். துணி இல்லாமல் சீலைப்பேன் ஏது? 2003இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மார்க் ஸ்டோன்கிங் குழு இரண்டின் மரபணு வேறுபாடுகளையும் எண்ணியது. வேறுபாடு சேரும் வேகத்துக்கு அளவுகோல் சிம்பன்சியின் பேன்: மனிதனும் சிம்பன்சியும் பிரிந்தபோது பேன்களும் பிரிந்தன என்று கொண்டார்கள். விடை, இரண்டும் பிரிந்து சுமார் 72,000 ஆண்டு. 2011இல் வேறொரு குழு அதை 1,70,000 வரை பின்னுக்குத் தள்ளியது. இடைவெளி பெரிதுதான். ஆனால் அத்தனை பழைய துணி மக்கிப்போன பிறகு, உடை உடுத்தத் தொடங்கிய காலத்தைக் கணிக்க இப்படியொரு வழி கிடைத்ததே பெரிது.

அந்தரங்க உரோமத்தில் வாழும் பேனின் கதை வேறு. அதன் நெருங்கிய உறவு சிம்பன்சியிடம் இல்லை, கொரில்லாவிடம் இருக்கிறது. சுமார் 33 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து நம் முன்னோரிடம் தாவியது என்று 2007இல் கணித்தார்கள். முகம் சுளிக்க வேண்டாம். கொரில்லா படுத்தெழுந்த இடத்தில் போய்ப் படுத்திருந்தாலே போதும்.