பட்டனைத் தட்டினால் கழன்றுகொள்ளும் மாடல் ரயில்... நிஜ ரயிலில் மட்டும் ஆள் இறங்குவது ஏன்?

ஒரகடத்தில் இருந்து வாலாஜாபாத் வரை ஒரு நடை போனால், இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் தயாரான கார்கள் சரக்கு ரயிலில் ஏறுவதைப் பார்க்கலாம். அந்த கார்களுக்கு பிளான்ட்டில் வெல்டிங் அடித்தது ரோபோ கை. ஆனால், அவற்றை ஏற்றிய வேகன்களைப் பிரிக்க இன்றைக்கும் ஒரு ரயில்வே ஊழியர் தண்டவாளத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

இதே வேலையை, மேஜை மேல் ஓடும் மாடல் ரயில் ஆள் தொடாமலே செய்துவிடுகிறது. கன்ட்ரோலரில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், எஞ்சின் பெட்டியை விட்டுவிட்டுத் தனியாகப் போய்விடும். அது எப்படி?

கொக்கியைத் தூக்கும் காயில்

உலகம் முழுக்க பிரபலமான மாடல் ரயில் சைஸ், நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. அதன் எஞ்சினுக்குள் முடியைப் போன்ற மெல்லிய கம்பி சுற்றிய ஒரு குட்டி காயில் இருக்கும். கரன்ட் பாய்ந்தால் அது காந்தமாகி கொக்கியைத் தூக்கும். அவ்வளவுதான். ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1950-களிலேயே ‘டெலெக்ஸ்’ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்துவிட்டது. மற்றவர்கள் தண்டவாளத்துக்கு நடுவில் காந்தம் பதித்தார்கள். ஆனால், அந்த இடத்துக்கு வந்தால் மட்டுமே பெட்டி கழலும். காயில் எஞ்சினிலேயே இருந்தால் எங்கே வேண்டுமானாலும் கழற்றலாம்.

டிசிசி எனப்படும் டிஜிட்டல் கன்ட்ரோல் வந்த பிறகு இது இன்னும் சுலபம். தண்டவாளத்தில் 15 வோல்ட் அளவில் எப்போதும் கரன்ட் இருக்கும், கட்டளையும் அதிலேயே போகும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு நம்பர். தன் நம்பருக்கு வந்த கட்டளையை மட்டும் உள்ளே இருக்கும் டீகோடர் சிப் கேட்டு நடக்கும்.

சிக்கல் என்னவென்றால், சூடு. அவ்வளவு மெல்லிய கம்பியில் முழு கரன்ட்டையும் தொடர்ந்து விட்டால் காயில் கருகிவிடும், சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் உருகும். அதனால் டீகோடர் ஒரு தந்திரம் செய்கிறது. கொக்கியைத் தூக்க ஒரு நொடிக்கும் குறைவாக முழு பலம், தூக்கிய பின் பிடித்துக்கொள்ள கொஞ்சம் கரன்ட். இரும்பு காந்தத்தை ஒட்டிவிட்டால் பிடித்துவைக்க அதிக பலம் தேவையில்லையே! கரன்ட்டைப் பாதியாக்கினால் சூடு கால்வாசியாகிவிடும்.

கார் அசெம்பிளி லைனில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதுசாகவே இருக்காது. ஸ்டார்ட்டர் மோட்டார் சோலனாய்டிலும் இழுக்க ஒரு சுற்று, பிடிக்க ஒரு சுற்று என இரண்டு உண்டு. இழுத்து முடித்ததும் முதல் சுற்று வேலையை நிறுத்திவிடும்.

ஒரு அடி பின்னால்...

காயில் மட்டும் போதாது. எஞ்சின் இழுத்துக்கொண்டிருக்கும்போது கொக்கி இறுகிப்போய் இருக்கும், தூக்க முடியாது. அதனால் நல்ல டீகோடர்கள் முதலில் எஞ்சினைச் சில மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தும். கொக்கி தளர்ந்ததும் தூக்கும், பிறகு முன்னால் ஓடும். ஜெர்மன் ரசிகர்கள் செல்லமாக இதை ‘ஷன்ட்டிங் டாங்கோ’ நடனம் என்கிறார்கள்.

மேஜை மேல் அது நடனம். நிஜத்தில் எஞ்சின் பின்னால் நகரும் அந்த நொடிதான் உயிரை எடுக்கிறது. 2024 நவம்பரில் பீகாரின் பரௌனி சந்திப்பில் எஞ்சினைப் பெட்டியிலிருந்து பிரிக்கும் பணியில் இருந்த ஊழியர், இரண்டுக்கும் நடுவில் நசுங்கி இறந்தார். அந்தப் புகைப்படம் நாடு முழுக்க ஷேர் ஆனது நினைவிருக்கலாம்.

அப்படியானால் நிஜ ரயிலிலும் ஒரு பட்டன் வைத்தால் என்ன? மெட்ரோ ரயில்களில் அது ஏற்கெனவே இருக்கிறது. டிரைவர் கேபினில் இருந்தபடியே பட்டனை அழுத்தினால், அழுத்தப்பட்ட காற்று பூட்டை விடுவிக்கும். ரயிலை இழுக்கும் பாரத்தை எஃகுதான் தாங்குகிறது, பூட்டைத் திறக்க மட்டும்தான் பலம் வேண்டும். ஆக, தொழில்நுட்பம் ஒரு தடையே இல்லை.

தடை, வேகனில் கரன்ட்டே இல்லை என்பதுதான். மாடல் ரயிலுக்கு தண்டவாளமே வயர். நம் சரக்கு வேகனிலோ ஒரு பல்புக்குக்கூட இணைப்பு கிடையாது. மோதினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கப்ளர் நம்மிடம் இருக்கிறது. கழற்றும் லீவரையும் பக்கவாட்டில் நின்றே இழுக்கலாம். ஆனால் பிரேக் காற்று ஹோஸை இணைக்கவும் பிரிக்கவும் ஆள் நடுவில் குனிந்தே ஆக வேண்டும். சில வேகன்களை மட்டும் மாற்றினாலும் பயனில்லை. எந்த வேகன் எதோடு சேரும் என்று யாருக்குத் தெரியும்?

ஐரோப்பா இதில் நம்மைவிடப் பின்தங்கியிருக்கிறது. அமெரிக்கா 1893-லேயே தானியங்கி கப்ளரைச் சட்டமாக்கிவிட்டது. ஐரோப்பிய சரக்கு வேகன்களிலோ பெரும்பாலும் இன்னும் கையால் திருகும் கப்ளிங்தான். இப்போது அங்கே காற்று, கரன்ட், டேட்டா மூன்றையும் ஒன்றாக இணைக்கும் டிஜிட்டல் கப்ளரைச் சோதித்து வருகிறார்கள். அதன் ஐந்தாம் நிலை, தூரத்தில் இருந்தே கழற்றுவது. அதாவது, டெலெக்ஸின் பெரிய அண்ணன்.

நம் பெரம்பூர் ஐசிஎஃப் பிடித்த வழி வேறு. அங்கே தயாராகும் வந்தே பாரத்தில் இரண்டு முனையிலும் டிரைவர் கேபின் இருக்கிறது. கடைசி ஸ்டேஷனில் டிரைவர் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு நடந்துபோனால் போதும், எஞ்சினைக் கழற்றும் வேலையே இல்லை. சரக்கு வேகனுக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது.