இதய ஆபரேஷனுக்குப் பின்: உணவும் உழைப்பும்



நெஞ்சு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க ஊரே வரும். வருகிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "நெஞ்செலும்பையே அறுத்துச் சேர்த்திருக்கு, இனிமே ஒரு துரும்பைக்கூடத் தூக்கக் கூடாது" என்பார் ஒருவர். "ரசம் சோறு மட்டும் குடுங்க, முட்டை, மீனெல்லாம் புண்ணுக்கு ஆகாது" என்பார் இன்னொருவர். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் இரண்டுமே தவறு. ஓயாத படுக்கையும் பட்டினிப் பத்தியமும் உடம்பைத் தேற்றாது, உருக்கத்தான் செய்யும். அளவறிந்து சாப்பிடுவதும், நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதும்தான் தேற்றும்.

ஆபரேஷனில் என்ன செய்தார்கள்?

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் கொழுப்பு படிந்து அடைத்துக்கொள்கிறது. வாய்க்காலில் மண் மேடிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகுமா? அதுபோலத்தான். காலிலிருந்தோ நெஞ்சின் உட்புறத்திலிருந்தோ ஒரு ரத்தக்குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டிப் புது வழி போடுகிறார்கள். இதுதான் பைபாஸ். நம் நாட்டில் முதல் பைபாஸ் ஆபரேஷன் 1975-ம் ஆண்டு சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியனால் செய்யப்பட்டது. இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் மூலம் ஏழைக் குடும்பங்களுக்கும் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது.

ஒன்றை மறக்காதீர்கள். புது வாய்க்கால் வெட்டியாச்சு. ஆனால் மண் சேருகிற காரணம் போகவில்லை. பீடி, சிகரெட், உப்பு, எண்ணெய், சும்மா உட்கார்ந்திருப்பது எல்லாம் பழையபடி தொடர்ந்தால் புது வழியும் அடைத்துக்கொள்ளும். டாக்டர் செய்தது ஒரு நாள் வேலை. மிச்ச வேலை உங்கள் வீட்டில்தான் நடக்கிறது.

சாப்பாடு

முதல் சில வாரம் பசி இருக்காது. நாக்கில் ருசியும் தெரியாது. தானே சரியாகிவிடும். அதுவரை வயிறு முட்டத் தராமல், ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

புண் ஆறுவதற்குப் புரதச் சத்து வேண்டும். பருப்பு, பாசிப்பயறு, சுண்டல், மோர், முட்டை, மீன் இவற்றில் முடிந்ததைத் தினமும் கொடுங்கள். "முட்டை சாப்பிட்டா சீழ் வைக்கும்" என்பது வெறும் பேச்சு. சீழ் வைப்பது கிருமியால், முட்டையால் அல்ல. மீனைப் பொரிக்காமல் குழம்பு வையுங்கள். மலிவாகக் கிடைக்கும் மத்தியும் அயிலையும் இதயத்துக்கு மிகவும் நல்லவை.

இலையில் பாதி இடம் காய்கறிக்கும் கீரைக்கும். மீதியில் ஒரு பங்கு சோறு, ஒரு பங்கு பருப்போ மீனோ. கம்பு, சாமை, வரகு நல்லவை. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் கேழ்வரகுக் களியானாலும் அளவோடுதான் சாப்பிட வேண்டும். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரலாம். முக்கக் கூடாது. கீரை, கொய்யா, வாழைத்தண்டு கொடுங்கள். தண்ணீரை அளவாகக் குடிக்கச் சொல்லி டாக்டர் கூறியிருந்தால் அந்த அளவை மீறாதீர்கள்.

உப்புக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. அதற்கு மேல் வேண்டாம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். ஒரு மாதத்திலேயே தீர்ந்துவிட்டால், உப்பு எங்கே போகிறது என்று பாருங்கள். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் உப்பு இந்தக் கணக்குக்கு மேலே என்பதையும் நினைவில் வையுங்கள். இந்துப்பும் உப்புதான்.

எண்ணெய் ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். வடை, பஜ்ஜி என்றைக்காவது ஒரு நாள்தான்.

வீட்டுக்காரருக்கு மட்டும் தனிச் சட்டியில் உப்புக் குறைத்துச் சமைத்தால் பத்து நாள்கூட ஓடாது. பிள்ளைகள் ஊறுகாய் தொட்டுச் சாப்பிடும்போது அவர் கையும் அங்கே போகும். குடும்பத்துக்கே ஒரே சட்டி என்று வையுங்கள். அப்பாவுக்கு இதய நோய் என்றால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்புக் கூடுதல். ஆகவே இந்தச் சமையல் அவர்களுக்கும் காப்பு.

நடை

முதல் வாரம் வீட்டு வாசலிலேயே 5 நிமிடம் நடந்தால் போதும். இப்படி ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். ஆறாவது வாரம் ஒரே நடையில் 30 நிமிடம் நடக்கலாம். சாப்பிட்டவுடன் நடக்க வேண்டாம். ஒரு மணி நேரம் போகட்டும். உச்சி வெயிலும் வேண்டாம்.

வேகம் சரிதானா என்று எப்படித் தெரியும்? பேசிக்கொண்டே நடந்து பாருங்கள். பேச முடிகிறது என்றால் வேகம் சரி. பேச்சு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். அதற்காகவே இருவரும் சேர்ந்து நடப்பது நல்லது. ஆபரேஷனுக்குப் பிறகு மனம் சோர்ந்துபோவது பலருக்கும் உண்டு. "நான் வீட்டுக்குப் பாரமாயிட்டேனே" என்று அழுகை வரும். சேர்ந்து நடக்கும் நேரத்தில் அதையும் பேசித் தீர்க்கலாம். சோர்வு தீராமல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சுமை

அறுத்த நெஞ்செலும்பு கூடிவர 6 முதல் 8 வாரம் ஆகும். நன்றாக உறுதிப்பட 3 மாதம் ஆகும். அதுவரை:

1. முதல் 8 வாரம் 5 கிலோ எடைகூடத் தூக்க வேண்டாம். நிறைகுடம் சுமார் 15 கிலோ என்பதை நினைவில் வையுங்கள்.

2. கிணற்றில் நீர் இறைத்தல், அடிபம்பு அடித்தல், மண்வெட்டி பிடித்தல், மாட்டுக் கயிறு பிடித்து இழுத்தல், வண்டி ஓட்டுதல் கூடாது.

3. எழுந்திருக்கும்போது கையை ஊன்றி எம்பாமல், ஒருக்களித்துப் புரண்டு எழுங்கள். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள்.

மூன்று மாதம் கழித்து, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, காட்டு வேலைக்குப் போகலாம். முதலில் மடை திருப்புவது, களை பறிப்பது போன்ற இலேசான வேலை. கட்டுச் சுமப்பது கடைசியில்.

ஆபரேஷன் மனைவிக்கு என்றால்

கணவனுக்கு ஆபரேஷன் என்றால் வீடே தாங்குகிறது. மனைவிக்கு என்றால் இருபதாம் நாள் அவளே அடுப்படியில் நிற்கிறாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிடுகிறாள். அவள் நெஞ்செலும்பும் அதே எலும்புதான். கூடிவர அதே காலம்தான் ஆகும். அந்த மூன்று மாதமும் தண்ணீர்க் குடம், மாவாட்டுவது, பிள்ளையைத் தூக்குவது எல்லாம் கணவன் பொறுப்பு. முட்டையும் பருப்பும் முதலில் அவள் இலைக்கு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தாம்பத்தியமும் குழந்தையும்

கேட்கக் கூச்சப்பட்டுப் பலர் பயத்திலேயே இருந்துவிடுகிறார்கள். இரண்டு மாடிப் படி மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் ஏற முடிந்தால், பொதுவாக 6 முதல் 8 வாரத்துக்குப் பிறகு கணவன் மனைவியாகச் சேரலாம். நெஞ்சில் பாரம் விழக் கூடாது. நாக்கின் அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரை எடுப்பவர்கள் ஆண்மைக்கென்று விற்கும் மாத்திரைகளைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் திடீரென இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

செயற்கை வால்வு வைத்த பெண்கள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். அது கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கலாம். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து தாய்க்கே ஆபத்து. எனவே டாக்டரைக் கேட்காமல் கருத்தரிக்க வேண்டாம். நாள் தள்ளிப்போனால் உடனே காட்டுங்கள். கருத்தடை மாத்திரையும் தாமாக வாங்கக் கூடாது. ஆணுறை பயன்படுத்தலாம். குழந்தைகள் போதும் என்றால் கணவன் செய்துகொள்ளும் தழும்பில்லாக் கருத்தடை சிகிச்சை மிகவும் எளியது. இந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையை ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், திடீரென அதிகமாக்கவும் வேண்டாம். வாராவாரம் ஒரே அளவாக இருக்கட்டும்.

உடனே டாக்டரைப் பார்க்க வேண்டிய அடையாளங்கள்

காய்ச்சல், தையலில் சீழ், நெஞ்செலும்பில் "கடக்" என்ற சத்தம், கால் வீக்கம், இரண்டு மூன்று நாளில் 2 கிலோ எடை கூடுதல். நெஞ்சு வலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், மயக்கம், வாய் கோணுதல் இருந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

"நல்லாயிட்டுது" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் நன்றாக இருக்கிறது. சந்தேகம் எதுவானாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவரும் சேர்ந்தே வாருங்கள். ஒருவர் கேட்க மறந்ததை மற்றவர் கேட்பார்.

உப்பைக் குறைப்போம்! ஒன்றாய் நடப்போம்! இதயம் காப்போம்!