பதவியோடு நம்பிக்கை வந்துவிடுமா?

“பதவி இல்லாத என் பேச்சை வேலையிடத்தில் யார் மதிப்பார்?” தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலை ஊழியர் பலருக்கும் இந்த ஆதங்கம் உண்டு.

நேயர்களே, பதவி மட்டும் போதுமா? 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் ம.இ.கா. தலைவர், அமைச்சரும்கூட. தோட்டத் துண்டாடலால் நம்மவர்கள் வேலையும் வீடும் இழந்த காலம். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, பாட்டாளிகளிடம் மாதம் 10 வெள்ளி கேட்டார். அன்றைய சம்பளத்தில் அது பெரிய தொகை. அமைச்சர் சொன்னார் என்பதற்காக மட்டும் யாரும் கொடுத்துவிட மாட்டார்கள். ஆகவே தோட்டம் தோட்டமாகப் போய் விளக்கினார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. சொன்ன சொல் கண்ணுக்குத் தெரிந்தது.

வேலையிடத்திலும் இதே கணக்குதான். நாளை முடிப்பேன் என்றால் நாளை முடியுங்கள். முடியாதென்றால் இன்றே சொல்லுங்கள். அடுத்த முறை உங்கள் பேச்சுக்குத் தானாகவே மதிப்பு வரும்.