டிராக்டர் ஏன் அடம் பிடிக்குது?



மாசி மகத்துக்கு நம்ம வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் என்று எத்தனையோ சாமிகள் தீர்த்தவாரிக்கு வருகிறார்கள். சாமியை ஜோடிச்சு இழுத்துவரும் டிராக்டர்களில் சிலது நம்மைவிட வயசில் பெரியது. அந்த மாதிரி ஒரு பழைய மாஸி பெர்குசன் 1035 எங்க சித்தப்பாவிடம் இருக்கிறது. மூணு சிலிண்டர் சிம்சன் என்ஜின். அது காலையில் ஸ்டார்ட் ஆகாமல் படுத்திய பாட்டில் நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பைக் என்ஜினில் ஸ்பார்க் பிளக் இருக்கும். டீசல் என்ஜினில் அது கிடையாது. அப்போ தீ எங்கிருந்து வருது? சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்ப்போட அடிப்பக்கம் சுடுமே, அதேதான். பிஸ்டன் காற்றை ஏறக்குறைய 17 மடங்கு சுருக்குகிறது. பிசிக்ஸ் சாரிடம் கேட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 டிகிரி காற்றை வெப்பம் வெளியே போகாமல் 17 மடங்கு சுருக்கினால் 650 டிகிரியைத் தாண்டுகிறது. நிஜ என்ஜினில் கொஞ்சம் வெப்பம் சுவருக்குப் போய்விடும், கொஞ்சம் காற்று ரிங் வழியாக ஒழுகும். அப்படியும் டீசல் தானாகப் பற்றிக்கொள்ள இருநூத்திச் சொச்சம் டிகிரியே போதும்.

ஆக, வேண்டியது மூணே மூணு. வேகமாகச் சுத்தணும், காற்று நல்லா நசுங்கணும், சுத்தமான டீசல் நேரத்துக்குப் பீச்சணும். வெளிநாட்டுக் குளிரில் என்ஜினைச் சூடு பண்ணித்தான் எழுப்புவார்களாம். நம்ம ஊரில் மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதனால் இங்கே ஒருத்தர் "குளிருக்கு ஸ்டார்ட் ஆகலை" என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

முதலில் பார்க்க வேண்டியது ஸ்டாப்பர். நேத்து இழுத்து நிறுத்தினதை உள்ளே தள்ள மறந்திருப்பார்கள். சிரிக்காதீங்க, நிறைய பேர் இதுக்கே மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அடுத்தது பேட்டரி. முழுசா சார்ஜ் ஆன பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். பேட்டரி நல்லா இருந்தும் செல்ஃப் மோட்டார் "உர்...ர்..." என்று இழுத்தால் நம்ம கடற்கரையில் முதல் சந்தேகம் உப்புக்காத்து மேல்தான். டெர்மினலில் பச்சை பூத்திருக்கும். அதைத் துடைப்பவர்கள்கூட எர்த் ஒயரோட மறுமுனையை மறந்துவிடுவார்கள். அது சேசிஸில் முடுக்கியிருக்கும் இடத்தில் துருப்பிடித்தால் கரண்ட் சரியாகப் போகாது. மெதுவாகச் சுத்தினால் காற்று சூடாகும் முன்னே ஒழுகிப்போகும், அவ்வளவுதான்.

நல்லா சுத்துது, ஆனால் பிடிக்கலை என்றால் சைலன்சரைப் பாருங்க. புகைதான் என்ஜினோட வாய். புகையே வரலையா, டீசல் உள்ளே போகலை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகுது, ஆனால் எரியலை. கறுப்புப் புகைக்கு ஏர் கிளீனர் அடைப்பைப் பார்க்கணும், நாசில் கோளாறாகவும் இருக்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரியுது.

சித்தப்பா வண்டியில் காலையில் புகையே வராது. இருபது நிமிஷம் போராடி ஸ்டார்ட் ஆகிவிட்டால் அப்புறம் நாள் முழுக்க ஒரே தட்டில் பிடிக்கும். பார்க்க வந்த மெக்கானிக் ஒருத்தர் "ரிங் போச்சு, என்ஜினைப் பிரிக்கணும்" என்று ஐந்து இலக்கத்தில் செலவு சொன்னார். வீட்டில் அந்தப் பணம் என் அக்கா காலேஜ் பீசுக்கு எடுத்து வைத்தது. சித்தி ஒத்துக்கொள்ளவே இல்லை. "ரிங் போயிருந்தா புகை வரணுமே?" என்று சித்தி கேட்டதுதான் சரியான கேள்வி என்பது என் கருத்து. ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து பார்த்தோம். ரிங் தேய்ந்திருந்தால் அந்த வழியாகப் புகை குபுகுபு என்று அடிக்கும். இதில் அப்படி அடிக்கலை.

ராத்திரி முழுக்க நின்றால் கோளாறு, சூட்டோடு திரும்ப எடுத்தால் இல்லை. அப்படியென்றால் எங்கேயோ காற்று நுழைந்து, பைப்பில் இருக்கும் டீசல் மெல்ல டேங்குக்கே இறங்குகிறது. உள்ளே காற்று இருந்தால் பம்ப் அதை நசுக்கிக்கொண்டே இருக்கும், நாசிலைத் திறக்கிற அழுத்தம் வராது. இதைத்தான் "ஏர் புடிச்சிருக்கு" என்கிறார்கள்.

ஏர் எடுப்பது இப்படி. டீசல் பில்டர் மேலே இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, ஃபீட் பம்ப்போட கை லீவரை அடிக்கணும். முதலில் நுரையாக வரும். குமிழி நின்று சுத்த டீசல் வந்ததும், அடித்துக்கொண்டே முடுக்கணும். பிறகு பெரிய பம்ப்பிலும் அதே மாதிரி. (லீவர் தொளதொள என்று இருந்தால் பம்ப் கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டாதீங்க. கேம் மேலே நின்றிருக்கும். என்ஜினைக் கொஞ்சம் சுத்திவிட்டால் சரியாகும்.) கடைசியில் நாசில் பைப் நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடிக்கணும். அப்போ கையை மட்டும் கிட்டே கொண்டுபோகக் கூடாது. நாசிலில் டீசல் பீச்சுவது சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவு அழுத்தத்தில். அது தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்கச் சின்னப் புள்ளியாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

ஏர் எடுத்தால் அன்றைக்குச் சரி, மறுநாள் பழைய கதை. காற்று நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்க சித்தப்பா ஒரு வேலை செய்தார். ஒரு பாட்டிலில் டீசல் ஊத்தி உயரத்தில் கட்டி, டேங்க் லைனைக் கழற்றிவிட்டு நேரே ஃபீட் பம்ப்புக்குக் கொடுத்தார். மறுநாள் காலையில் முதல் தட்டிலேயே பிடித்தது! அப்போ பம்ப்பும் நாசிலும் ரிங்கும் நல்லா இருக்கு, கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் மட்டும். ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்தால் கிளாம்புக்கு அடியில் மயிரிழை வெடிப்பு. ஹோஸும் ரெண்டு செப்பு வாஷரும் மாற்றியதோடு முடிந்தது. அக்கா பீசும் கட்டியாச்சு.

ஏர் கிளீனர் வாயில் துணியைக் கொளுத்திக் காட்டி ஸ்டார்ட் பண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பிரே அடிப்பவர்களும் உண்டு. எனக்கு ரெண்டும் பிடிக்காது. ஸ்பிரே நேரம் தவறி வெடித்தால் பிஸ்டனையே உடைக்கும். முகத்துக்கு நேரே தீ என்பதைத் தனியாகச் சொல்லணுமா?

ஒரே ஒரு சமயத்தில் மட்டும் ஸ்டார்ட் பண்ண முயற்சியே பண்ணக் கூடாது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். சித்தப்பா டிராக்டரும் தண்ணீரில் நின்றது. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. சிலிண்டரில் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டனைத் தாங்கும் ராடு வளைந்துவிடும். சித்தப்பா முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். நாசில்களை எடுத்துவிட்டு என்ஜினைக் கையால் சுத்தித் தண்ணீரை வெளியேற்றினார். என்ஜின் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்ததால் பில்டரோடு மாற்றினார். டேங்கை முழுசாக இறக்கியபோது டீசலுக்கு அடியில் ஒரு சொம்பு தண்ணீர் இருந்தது. மூணாம் நாள் சாயங்காலம் வண்டி ஓடியது.